ட்ரம்பெட் நின்ற இடம்

மார்ச் 3

என் அன்பான கணக்கு டீச்சருக்கு,

நலம்தானே? உன் பக்கம் மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். இங்கே புது ஆல்பத்தில் இறங்கிவிட்டேன். உட்கார்ந்து கேட்கிற ஜாஸ் இனி விற்காது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. இது ஃபங்க் என்கிற ஆட்ட இசைப் பக்கம் சாய்ந்தது. டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்து காலை ஆட்டவைக்கும். ஆனால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. டிரம்ஸ்காரர் போன வாரமே வாசித்துவிட்டுப் போய்விட்டார். பாஸ்காரர் தன் வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்புகிறார். நான் கண்ணாடி அறையில் ஹெட்ஃபோனோடு தனியாக நிற்கிறேன். "சார், ஆடுற பாட்டு இது, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே வாசிங்க" என்கிறார் ரெக்கார்டிங் இன்ஜினியர். உதட்டில் ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிப்பது?

நீ கிளம்பிப் போனதிலிருந்து வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை.

உன் ட்ரம்பெட்காரன்


மார்ச் 12

ட்ரம்பெட்காரருக்கு வணக்கம்.

சிரித்துக்கொண்டே வாசித்தால் வெறும் காற்றுதான் வரும் என்று அவரிடம் சொல்லுங்கள். எனக்கு வாடகை அறை பழகிவிட்டது. சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறேன். வீட்டில் பேச்சில்லை என்கிறீர்கள். நான் இருந்தபோது மட்டும் இருந்ததா? சாப்பாட்டு மேசையில் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன். உங்கள் விரல்கள் தட்டின் ஓரத்தில் ட்ரம்பெட் வாசித்துக்கொண்டிருக்கும். கோபத்தில் எழுதவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கணக்கு டீச்சர்


ஜூன் 20

அன்பு டீச்சருக்கு,

ஆல்பம் வந்துவிட்டது. உனக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறேன். வெளியீட்டு விழாவில் எல்லாரும் ஆடினார்கள். முடிந்ததும் அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கூட்டிப் பெருக்க வந்தவர், "கூட்டிட்டுப் போக யாராச்சும் வருவாங்களா ஐயா?" என்றார். வருவாங்க என்று சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வரட்டுமா? ஒரு வரி எழுது.

உன் ட்ரம்பெட்காரன்


ஜூலை 1

ட்ரம்பெட்காரருக்கு,

கேட்டேன். ஜன்னலைச் சாத்திவிட்டு ஆடவும் செய்தேன். மூன்றாவது பாட்டின் நடுவில் நீங்கள் சட்டென்று நிறுத்தி, பாஸ்காரருக்கு வழிவிடுகிறீர்கள். அவர் கிட்டாரில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அவர் சொன்னதற்கே பதில் வாசிக்கிறீர்கள். அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டேன். நீங்கள் முகம்கூடப் பார்க்காத மனிதர். அவர்மேல் எனக்குப் பொறாமை வந்தது; எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நல்ல ஆல்பம். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் பஸ் ஏற வேண்டாம். அடுத்து ஏதாவது வாசித்தால் அனுப்புங்கள், கேட்கிறேன்.

கணக்கு டீச்சர்