விருந்தாளிக்கு மண்வெட்டி கிடையாது

பையில் துணி அடுக்கும்போது உன் கையுறைகள் அகப்பட்டன. அலமாரியின் அடித்தட்டில் பழைய பாவாடைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். தோல் விறைத்துப் போயிருக்கிறது. ஆனாலும் முகர்ந்தால் உங்கள் ஆட்டுப் பண்ணையின் வாடையும் எங்கள் ரப்பர் தோட்டத்துச் செம்மண்ணின் வாடையும் கலந்து வருகின்றன. கையை நுழைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு விரலிலும் இன்னொரு விரலுக்கு இடமிருக்கிறது.

உனக்குத் தமிழ் தெரியாது. ஆஸ்திரேலியாவில் உங்கள் பண்ணையை விற்கப் போவதாக எழுதியிருந்தாய். அதன் பிறகு நான் போட்ட கடிதம், அந்த முகவரியில் யாரும் இல்லையென்று திரும்பி வந்துவிட்டது. இப்போது நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்றே எனக்குத் தெரியாது. போய்ச் சேராத கடிதத்தை அகராதி பார்த்து இங்கிலீஷில் எழுதுவானேன்? எனக்கு நன்றாக வருகிற மொழியிலேயே எழுதுகிறேன்.

திருட்டுத்தனமாகத்தான் எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் தூங்குகிறார்கள். விளக்குத் திரியை முடிந்தவரை இறக்கி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் பள்ளிக்கூட வேன் வருகிறது. சுங்கை புரோங் பக்கத்தில் ஒரு நெல்வயல் கிராமத்தில், மலாய்க் கம்பத்தில் தங்கி, புல் மண்டிய வாய்க்காலைச் சுத்தம் செய்யப் போகிறோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மலாய்க் குடும்பத்தின் வீட்டில் தங்க வேண்டும். வரிசையாய்க் கட்டிய இந்த லயத்து வீட்டைத் தவிர வேறெங்கும் நான் தூங்கியதே இல்லை. பயமாக இருக்கிறது. அம்மா ஒரு வாரமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "பயமாருந்தா ஒரு வார்த்த சொல்லு புள்ள. டீச்சர்கிட்ட நா பேசிக்கிறேன்," என்கிறாள். அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து விழுந்தால் போதும், நாளைக்கு வேன் நான் இல்லாமலே போய்விடும். எனக்குப் போகவும் வேண்டும். அதனால் அம்மாவிடம் சொல்லக் கூடாததை உன்னிடம் சொல்கிறேன்.

போன வருஷப் பள்ளி விடுமுறையில் நீங்கள் வந்தது நினைவிருக்கிறதா? உங்கள் பள்ளி மாணவர்களும் எங்கள் பள்ளிச் சேவைக் கழகமும் சேர்ந்து லயத்துக்குப் பின்னால் சாக்கடை வெட்டுவதாக ஏற்பாடு. மழை பெய்தால் அழுக்குத் தண்ணீரெல்லாம் எங்கள் குசினிக்குள், அடுப்பு வரைக்கும் வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக் காலெல்லாம் சிரங்கு. நிர்வாகம் சிமெண்டு வாய்க்கால் துண்டுகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. தோண்டிப் பதிக்க வேண்டியது நாம். நமக்கு இருந்தது ஒரே வாரம்.

முதல் நாள் மாலை, கோயில் மேட்டில் டீச்சர் பேசினார். எல்லைக்கோடுகள் வரைபடத்தில்தான் இருக்கின்றன, இந்தப் பிள்ளைகள் உலகத்தின் பிள்ளைகள் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் என் காதுக்குள் சொன்னாள்: "ஒலகத்துக்கே புள்ளையா இருந்துட்டுப் போவட்டும். நம்ம வீட்டுக்கு வந்தா விருந்தாளிதான்."

அது எவ்வளவு பெரிய தொல்லை என்று மறுநாள் தெரிந்தது. நீ கையுறை மாட்டிக்கொண்டு மண்வெட்டியை ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாய். பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா ஓடி வந்தார்.

"ஐயையோ! ஊர் விட்டு ஊர் வந்த புள்ள மண்ணு வெட்டுது, நாம பாத்துக்கிட்டு நிக்கிறதா? குடு இங்க!"

மண்வெட்டி போய்விட்டது. உன் கையில் கோப்பி வந்துவிட்டது. லயம் முழுக்க இதே கதைதான். வாசலுக்கொரு நாற்காலி, நாற்காலிக்கொரு வெள்ளைக்காரப் பிள்ளை. சரி, மண்வெட்டியைப் பிடுங்கியவர்களாவது வெட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. விருந்தாளி வீட்டில் இருக்கும்போது அவர்களுக்குச் சமையல் இல்லையா? கோழி அடித்தார்கள். பணியாரம் சுட்டார்கள். சாக்கடை மட்டும் ஓர் அடிகூட நகரவில்லை.

"விருந்தும் மருந்தும் மூணு நாளுதான். அப்புறம் அவங்களே வெட்டுவாங்க, பாருங்களேன் லா," என்று அப்பா டீச்சருக்குத் தைரியம் சொன்னார். மூன்று நாளும் போனது. இப்படியே போனால் உங்களையெல்லாம் வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். டீச்சர் என்னிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

அன்றைக்குத்தான் நீ கேட்டாய், "விருந்தாளியாக இல்லாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?" உன் ஊரில் குட்டி ஈனும் ஆட்டுக்குக் கைகொடுக்கிறவள் நீ. கை சும்மா இருந்து சும்மா இருந்து அரிப்பெடுக்கிறது என்று காட்டினாய். நான் யோசித்துப் பார்த்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "எங்கம்மா உன்னைத் திட்டணும். திட்டிட்டா நீ வீட்டு ஆளு."

உன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவே மாட்டேன். உடனே வேலையில் இறங்கிவிட்டாய். சப்பாத்துக் காலோடு சாமிப்படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தாய். இடது கையால் சாதத்தைப் பிசைந்தாய். குழம்பை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாய். அம்மா எல்லாவற்றுக்கும் பல் தெரியச் சிரித்தாள். பிறகு என்னைக் குசினிக்குள் இழுத்துப்போய்த் தொடையில் கிள்ளினாள். "பாவம் அதுக்கு என்னா தெரியும்? நீதானே சொல்லித் தரணும்? மாடு மாதிரி வளந்திருக்கியே!" நீ செய்த குற்றத்துக்கெல்லாம் எனக்குத் திட்டு. கதவுக்குப் பின்னாலிருந்து நீ பொறாமையோடு பார்த்தாய்.

கடைசியில் அது நீ நினைக்காமலே நடந்தது. மறுநாள் அம்மா பால் வெட்டப் போயிருந்த நேரம் பார்த்து, பின்பக்கம் யாருக்கும் தெரியாமல் வெட்ட ஆரம்பித்திருக்கிறாய். வழியில் நின்ற ஒரு செடியைக் களை என்று நினைத்து வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாய். அம்மா பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். அது அவள் ஜெராம் ஊரிலிருந்து மடியில் கட்டிக் கொண்டுவந்த கருவேப்பிலைக் கன்று.

"அடிப் பாவி மவளே! கருவேப்பிலைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதா? கண்ணு என்னா பொடணியிலயா இருக்கு? கண்ணுதான் தெரியல, மோந்து பாக்க மூக்குமா இல்ல? ஆடு மேய்க்கிற ஊருல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

லயமே வெளியே வந்துவிட்டது. அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். நீ என்னைப் பார்த்தாய்.

"இது திட்டுதானே?"

"திட்டுதான்."

"நல்ல திட்டா?"

"ரொம்ப நல்ல திட்டு."

நீ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தாய். சேறு எல்லார் மேலும் தெறித்தது. "திட்டுனா சிரிக்கிறா பாரு!" என்று அம்மா அலறினாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இன்னும் திட்டினாள். "என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? மொதல்ல அந்தக் கன்ன நடு. அப்புறம் மம்பட்டிய எடு. கைக்குச் சட்ட போட்டிருக்காள்ல, நல்லா ஆழமா வெட்டட்டும்!"

அம்மா திட்டிவிட்டாள் என்றதும் ராசம்மா அக்காவுக்கும் துணிவு வந்தது. தன் வீட்டு நாற்காலியில் இருந்த பையனைப் பார்த்து, "நீ மட்டும் என்னா மாப்புள்ளையா? எந்திரி லா!" என்றார். அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் எழுந்துவிட்டான். பிறகு லயம் முழுக்க ஒரே அதட்டலும் சிரிப்பும்தான். ஆண்கள் சிமெண்டுத் துண்டுகளைத் தூக்க, நீங்களும் நாங்களும் வெட்ட, நீங்கள் லோரியில் ஏறுவதற்கு முந்திய மாலை கடைசித் துண்டும் உட்கார்ந்தது.

லோரியருகில் அம்மா உன் கன்னத்தைத் தடவவில்லை. விரலை நீட்டி, "கடுதாசி போடல, தொலச்சுப்புடுவேன்," என்றாள். நீ இந்தக் கையுறைகளைக் கழற்றி என் கையில் வைத்து, "அடுத்தது உன் முறை," என்றாய்.

நீ போன மாதம் பெருமழை பெய்தது. அம்மாவும் நானும் குசினி வாசலில் நின்று, தண்ணீர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாக்கடையில் ஓடுவதை வேடிக்கை பார்த்தோம். கருவேப்பிலை வாடிப்போய், பிறகு துளிர்த்துவிட்டது. ரசத்துக்கு இலை கிள்ளும்போதெல்லாம் அம்மா சொல்கிறாள், "எங்க போயித் தொலஞ்சாளோ, பண்ணைய வித்தப்புறம் ஒரு கடுதாசி இல்ல, சிறுக்கி!" நான் கிளையைக் கொஞ்சம் ஒடித்துவிட்டால்கூட உன்னைத்தான் திட்டுகிறாள்.

எழுதி முடிக்கையில் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் கையுறைகளைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டேன். நாளைக்கு அந்த வீட்டு மலாய் அம்மா, அவர்கள் சொல்கிற மக்சிக், என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிவிட்டுத் தேநீர் தருவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிப்பேன். குடித்துவிட்டு, அவர் வீட்டைச் சுற்றி என்னென்ன செடி வைத்திருக்கிறார் என்று மெதுவாக ஒரு நடை பார்த்து வருவேன்.