கஞ்சி ஊற்றிய பை

மன்னார் டவுனில் தைக்கக் கொடுத்த சேலைச் சட்டை இன்று வந்தது. போட்டுப் பார்த்தால் கை மேலே எழும்பவில்லை. கண்ணாடி முன்னால் நின்று உன்னைத்தான் திட்டினேன். நீயென்றால் முதலில் நூலோட்டிப் போடவைத்து, "கையைத் தூக்கு, குனி, இரு, எழும்பு" என்று ஒரு பாடு படுத்திவிட்டுத்தான் மெஷினில் வைப்பாய். நம் தோட்டவெளி ஊரில் பாதிப் பெண்கள் உன் விறாந்தையில் குண்டூசி குத்திய சட்டையோடு நின்றவர்கள். நீ போன பிறகு எனக்குப் பொருந்துகிற மாதிரி தைக்க ஆளில்லை. என் உடம்பும் கொஞ்சம் பெருத்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும்.

உனக்கு அந்த வருத்தம், அந்த நோய், வந்தபோதும் நீ அப்படித்தான், போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுத்தாய். இரத்தம் போவதைக் கண்டதும் மூலவியாதி என்று மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனாய். அதனால்தான் குடலின் கடைசிப் பகுதியில் இருந்த புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடித்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு நானும் உன்னோடு வந்தேன். டொக்டர் பொறுமையாக இரண்டு வழி சொன்னார். ஒன்று, வயிற்றைக் கீறாமல் ஆசனவாய் வழியாக அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அடிக்கடி கமரா விட்டுப் பார்ப்பது. ஆனால் வருத்தம் திரும்பிவரும் ஆபத்து கொஞ்சம் அதிகம். மற்றது, அந்தக் குடல் பகுதியையே அகற்றுவது. திரும்பிவரும் ஆபத்து குறைவு, ஆனால் ஒப்பரேசன் பெரிது, மலம் போக வயிற்றில் ஒரு பை வாழ்நாள் முழுவதும் இருக்கும்.

"உங்கட நிலைமைக்கு ரெண்டுமே செய்யலாம் அம்மா. யோசிச்சுச் சொல்லுங்கோ."

வீட்டில் ஆளுக்கொரு நியாயம். உன் கணவர் தாழ்வுபாட்டுக் கரையில் வலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, "எல்லாத்தையும் வெட்டி எறியச் சொல்லு, எனக்கு நீ வேணும்" என்று அழுதார். உன் அக்கா, "பையைக் கட்டிக்கொண்டு எப்பிடியடி பூசைக்குப் போறது? மணக்காதே?" என்று அழுதாள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

நீ மட்டும் நேர்ஸிடம் போய், "ஒரு பை தாங்கோ மிஸ், கட்டிப் பாக்கப் போறன்" என்றாய். அவர் சிரித்தார். பிறகு உன் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கே ஒட்டுவது, எப்படித் திறந்து ஊற்றுவது என்று காட்டித் தந்தார்.

வீட்டுக்கு வந்து அதற்குள் கஞ்சியை ஊற்றி வயிற்றில் ஒட்டினாய். அதோடு சைக்கிள் ஓடினாய், மெஷின் மிதித்தாய். தேவாலயப் பூசையில் உன் அக்காவுக்குப் பக்கத்திலேயே முழங்காலில் நின்றாய்; அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓலைத்தொடுவாயில் ஒரு கலியாண வீட்டுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனாய். பந்தியில் உன் பச்சைச் சேலையில் ஈரம் படர்வதை நான்தான் முதலில் கண்டேன். பையின் வாயை நீ சரியாகப் பூட்டவில்லை.

"என்ன பிள்ளை கொட்டினது?" என்று எதிரே இருந்த மாமி கேட்டார்.

"கஞ்சி மாமி" என்றாய். பிரியாணி போட்ட பந்தியில் கஞ்சி எங்கிருந்து வந்தது என்று அந்த மனுஷி இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருப்பார். நீ எழும்பிப் போய்க் கழுவி, திரும்பிவந்து, இன்னும் கொஞ்சம் இறைச்சி போடச் சொன்னாய். பிறகு என் காதுக்குள், "இதுக்குத்தானே பயந்தனான்? நடந்திட்டுது. ஆர் செத்தது?" என்றாய்.

அதன்பிறகு முடிவைச் சொன்னாய். பை வேண்டாம், வெட்டி எடுத்துவிட்டுக் கமராவால் பார்க்கும் வழி. எனக்கு வந்ததே கோபம்.

"பிறகேனடி இந்தக் கூத்தெல்லாம்?"

"பைக்குப் பயந்து இந்த வழியை எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரிய வேணும். வருத்தம் திரும்பி வந்தா, பையைத் தாங்கோ எண்டு நானே போய்க் கேப்பன்."

சொன்னபடி கிளினிக் தவணை ஒன்றையும் தவறவிடவில்லை. ஒவ்வொரு முறையும் பரிசோதனை முடிவு வரும்வரை நகம் கடித்தது நான். நீயோ வரிசையில் நின்ற பெண்களின் சட்டைத் தையலில் குறை பிடித்துக்கொண்டிருந்தாய். உன்னைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

வருத்தம் திரும்பவேயில்லை. உன்னைக் கொண்டுபோனது நெஞ்சுவலி. உன்னைக் குளிப்பாட்டி உடுத்தியவர்களில் நானும் ஒருத்தி. வயிறு ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. "குடுத்து வைச்சவள். அந்தப் பையைக் கட்டாமலே போய்ச் சேந்திட்டாள்" என்று உன் அக்கா விம்ம, மற்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். எனக்குப் பொல்லாத ஆத்திரம். நீ தப்பிப் போனவள் இல்லை; கட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாமென்றவள். பிரேதத்தின் முன்னால் சண்டை பிடிக்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு யாராவது உன்னை அதிர்ஷ்டக்காரி என்றால் நான் விடுவதில்லை. இருத்திவைத்து முழுக் கதையையும் சொல்கிறேன். போன ஞாயிறு உன் அக்காவுக்கே சொன்னேன். அவள் முந்தானையை விரலில் சுற்றியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கும் கொஞ்ச நாளா இரத்தம் போகுதடி," என்றாள். "ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஆஸ்பத்திரிக்கு என்னோட வாறியே?"

வாறன் அக்கா, என்றேன்.