உன் தலையில் கை வைத்துச் சொன்ன பொய்

அண்ணே,

இன்று காலை மருமகள் கொடுத்த காப்பியைச் சேலையெல்லாம் கொட்டிக்கொண்டேன். கை நடுக்கம். மூளையில் டோபமைன் என்ற ஒன்று எனக்கு வற்றிக்கொண்டே வருகிறதாம், மதுரை டாக்டரம்மா சொன்னார். பேரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன்னால் உன் டாக்டர் வாயால் கேட்ட பேர் அல்லவா அது.

அப்போது போடிமெட்டு ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தாய். மலைப்பாதை வளைவுகளில் எழுதியிருக்கிற எண்களெல்லாம் உனக்கு யாரோ அனுப்பும் தாக்கல், ரகசியச் சேதி என்று ஒருநாள் சொன்னாய். நாங்கள் கேலி செய்தோம். அடுத்த மாதமே, சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிட்டாய். ஊராரும் அதையே பேசினார்கள். தோட்டத்தில் எவளோ உனக்கு வசிய மருந்து வைத்துவிட்டாளாம். அம்மா உன்னைச் சிலமலைப் பக்கம் மருந்தெடுப்பவரிடம் கூட்டிப்போனாள். அவர் உன் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சி, மயிரும் மாவுமாக ஒரு உருண்டையைத் துப்பிக் காட்டினார். உன் சந்தேகம் சரிதான் என்று நாங்களே முத்திரை குத்திக் கொடுத்தோம். எங்களைப் போல் கூறுகெட்டவர்கள் உண்டா?

பிறகுதான் மதுரைக்கு மனநல டாக்டரிடம் போனோம். கொடுத்த மாத்திரையை நீ தொடவில்லை. காப்பியில் பொடித்துப் போடுங்கள் என்று தெருவிலிருந்த கம்பவுண்டர் யோசனை சொன்னார். வீட்டில் என் கையால் தருவதை மட்டும்தான் நீ குடித்தாய். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது.

பத்து நாளில் நீ தெளிந்து வந்தாய், தூங்கினாய். கூடவே விரல்கள் விறைத்தன. ஒருநாள் காப்பியை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாய்.

"இதுல ஏதும் போட்டியா தாயி?"

இல்லை என்றேன். தலையில் கை வைத்துச் சொல்லச் சொன்னாய். வைத்தேன். உன் முடியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. சத்தியமாக இல்லை என்றேன். நீ கடகடவென்று குடித்துவிட்டு டம்ளரைச் சாய்த்துப் பார்த்தாய். அடியில் கரையாத பொடி ஒட்டியிருந்தது.

"ஊரே சேந்து கலக்குதுன்னேன். உன்னய மட்டும் அதுல சேக்கல."

சத்தம் போடவில்லை நீ. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அதன்பிறகு மூன்று வாரம் நீயே உரித்த வாழைப்பழமும் நீயே வெட்டிய இளநீரும்தான் உனக்குச் சாப்பாடு. கடைசியில் ஜீப் பக்கத்தில் மயங்கி விழுந்தாய்.

மறுபடி மதுரை. டாக்டர் எங்களை வெளியே நிற்கச் சொல்லவில்லை, ஆனால் உன்னிடம்தான் பேசினார். மூளையில் டோபமைனை வாங்கிக்கொள்கிற வாசல்கள் உனக்கு அளவுக்கு மீறி வேலை செய்கின்றன, அதனால்தான் சும்மா கிடக்கும் கல்கூட உன்னைக் கூப்பிடுகிறது என்றார். மாத்திரை அந்த வாசல்களைக் கொஞ்சம் அடைக்கும்; கைகால் அசைவுக்கும் அதே டோபமைன் வேண்டும் என்பதால் விறைப்பும் நடுக்கமும் வரும். இது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னார். மறைக்காமல் உன்னிடம் பேசிய முதல் ஆள் அவர்தான். அன்று முதல் மாத்திரையை நீயே எண்ணிப் போட்டுக்கொண்டாய். வண்டி ஓட்ட முடியவில்லை; ஜீப்பில் ஆளேற்றிவிடும் சோலி பார்த்தாய். என்னிடம் முகம் கொடுத்துப் பேசினாய், என் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தாய். என் கையால் மட்டும் எதையும் வாங்கிக் குடிக்கவில்லை.

சளி நெஞ்சில் கட்டி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அந்தக் கடைசி நாட்களில் மாத்திரை உன் தொண்டையில் இறங்கவில்லை. கஞ்சியில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். நர்ஸ் கொண்டுவந்ததற்கு வாயை இறுக மூடிக்கொண்டாய். "தாயி கொண்டாரட்டும்" என்றாய். நீ கேட்டால் இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிவிடுவது என்று டம்ளரோடு நின்றேன்.

நீ கேட்கவில்லை. வாயைத் திறந்தாய்.

கேட்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க வேண்டும். குடிக்கமாட்டாயோ என்ற பயத்தில் பேசாமல் ஊட்டினேன். கஞ்சியிலும் மாத்திரை இருந்தது, அண்ணே.