பம்பாய்க்காரர்களோடு கோயில் பார்த்தது

1974 ஜனவரி 24, வியாழன்

காலையில் கடும் பனி. பாசஞ்சர் லேட். கம்பெனிக்குள் நுழைந்து டெலிபோன் போர்டு முன்னால் உட்காருவதற்குள் மேனேஜர் அறையிலிருந்து மணி. மெட்ராஸ் லைன் மதியம் வரை டெட். எனக்கு ஜலதோஷம்.

சாயங்காலம் ஆரம்பாக்கம் வந்து சேர்ந்தால் கூடத்தில் நைனாவும் தரகர் மாமாவும். அறுவடைப் பேச்சு என்று நினைத்தேன். இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்கிறார்களாம். பையன் பம்பாயில் இன்ஜினீயர். பெயர் தியாகராஜன் (இனி தி.). சொந்த ஊர் பொதட்டூர்பேட்டைப் பக்கம். அப்பா இல்லை, அம்மா மட்டும். கும்மிடிப்பூண்டியில் உறவுக்காரர் வீட்டில் வந்து தங்குகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால் வீட்டுக்கு வரமாட்டார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி, பாட்டுப் பாடச் சொல்வது எதுவும் அந்த அம்மாவுக்குப் பிடிக்காதாம். பழைய கோயில் என்றால் உயிராம். மெட்ராஸிலிருந்து ஒரு கார், வெள்ளைக்காரர்களுக்குக் கோயில் காட்டுகிற ஒரு கைடு. சூரியன் கிளம்பும்போது திருப்பாலைவனம், அப்புறம் பழவேற்காடு, பொன்னேரி. நானும் நைனாவும் அவர்களோடு காரில்.

"கோயில் பாத்த மாதிரியும் ஆச்சு. புடிக்கலன்னாலும் யாருக்கும் மனஸ்தாபம் கெடையாது பாரு," என்றார் தரகர் மாமா.

நல்லதுதான் என்று தோன்றியது. பஜ்ஜி தின்றுவிட்டுப் போனவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

எனக்கு இருபத்தேழு. தங்கை சுலோவைக் கட்டிக்கொள்ள அத்தை மகன் சேகர் காத்திருக்கிறான். நான் போனால்தான் அவள் போகமுடியும். ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. எனக்குத் தலை பின்னிவிடும்போது மட்டும் ரொம்ப அக்கறையாகப் பின்னுகிறாள்.

ஜனவரி 26, சனி

குடியரசு தினம். கம்பெனி லீவு. அம்மாவின் மாம்பழக் கலர் பட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். பாச்சை உருண்டை நாற்றம். கொடியில் போட்டது. ரவிக்கைக்கு ஊக்கு தைக்க வேண்டும். செருப்பு வார். ஜலதோஷ மாத்திரை.

அம்மாவின் உபதேசம் நாள் முழுக்க.

"அந்தம்மா இன்னா கேட்டாலும் ஒரு வார்த்தைல பதில் சொல்லு. டெலிபோன்ல பேசுற மாதிரி லொடலொடன்னு பேசிக்கினு இருக்காத."

"டெலிபோன்லயும் ஒரு வார்த்தைலதாம்மா பேசுறேன்."

"இதான். இந்த வாய்தான் வேணாங்கிறேன்."

சுலோ என் கால் நகத்துக்குக்கூட மருதாணி வைத்தாள்.

ஜனவரி 27, ஞாயிறு

அசதி. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

இருட்டிலேயே கார் வந்துவிட்டது. முன் ஸீட்டில் டிரைவர், கைடு, நைனா. பின்னால் இந்த ஓரம் நான், அந்த ஓரம் தி., நடுவில் அவர் அம்மா. மடியில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெந்நீர். என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள்.

"சில்லுன்னு இருக்கே. உடம்புக்கு என்ன?"

"ஜலதோஷம்."

ஒரு வார்த்தை. முன்னாலிருந்து நைனா திருப்தியாகத் தலையாட்டினார்.

கைடுக்கு முப்பது வயசு இருக்கும். அந்த இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி. பொன்னேரி தாண்டும் வரை ராஜாக்கள் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். நைனா ஒவ்வொரு ராஜாவுக்கும் "ஆங்... ஆங்..." என்றார்.

திருப்பாலைவனத்தில் இறங்கியபோது வெளுக்க ஆரம்பித்திருந்தது. பிராகாரத்துக் கல்லெல்லாம் பனியில் நனைந்து கிடந்தது. வெறுங்காலில் சுருக்கென்றது. கைடு எங்களைக் கோயிலின் பின்பக்கம் கூட்டிப்போய் விமானத்தைக் காட்டினார்.

"இங்க நின்னு பாருங்க மேடம். யானை முதுகக் காட்டிக்கினு படுத்துகினு கீற மாதிரி இல்ல? இப்போ சூரியன் வரும். அப்படியே தங்கமாப் பூடும் பாருங்க."

நின்றோம். யானை தெரிந்தது. தங்கம் வரவில்லை. பனி கலையவே இல்லை. கைடு கண்ணாடியைக் கழற்றிக் கிழக்கே பார்த்தார். பாவமாக இருந்தது.

"நேத்து பிரமாதமா இருந்திச்சு மேடம். இன்னிக்குத்தான் பேஜாராக் கீது."

"நேத்து வந்த சூரியனைச் சொல்றதுக்கு எதுக்குப்பா கைடு?" என்றார்கள் அந்த அம்மா. சிரிக்கலாமா என்று ஒரு முறை பார்த்துவிட்டு நைனா சிரித்தார். தி. சிரிக்கவில்லை. அதுவரை என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் அவமானம்.

பழவேற்காட்டில் இடிந்து கிடக்கிற பெருமாள் கோயில். சுவரெல்லாம் சிவப்புக் கல். மண்டபத்தில் புல். இறால் கூடையோடு போன ஒரு அம்மாள் நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொண்ணு பாக்கவா வந்துக்கிறீங்க? இந்த இடிஞ்ச கோயில்லயா? நல்ல எடமாப் பாத்தீங்க, போ!"

நைனாவுக்கு முகம் விழுந்துவிட்டது. தி.யின் அம்மா கேட்காத மாதிரி, "நாங்க வெளியில நிக்கிறோம். நீங்க ரெண்டு பேரும் உள்ள சுத்திட்டு வாங்க," என்றார்கள். கைடும் எங்கள் பின்னால் வந்துவிட்டார். அவருக்கு யார் சொல்வது?

மேலே கல்லில் ராமாயணம் செதுக்கியிருக்கிறது. ஒவ்வொரு பொம்மையும் கட்டைவிரல் அளவு. கைடு முன்னால் போக, தி. மெதுவாகப் பேசினார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பம்பாயில எனக்கு ஒருத்தி இருக்கா. சில வருஷமாச்சு."

"இது வாலி, இது சுக்ரீவன். சண்டை போட்டுக்கினு கீறாங்க. பாத்தீங்களா சார்?"

தி. அண்ணாந்து பார்த்தார். "அருமை," என்றார். கைடு நகர்ந்ததும், "கல்யாணம் வேணாம்னு அம்மாகிட்ட சொல்ல முடியல. உயிரை விட்டுடுவேன்னு சொல்றாங்க. நீங்க என்னைப் பிடிக்கலைன்னு சொல்லிடுங்களேன். உங்களுக்குச் சுலபம்," என்றார்.

சுலபமாம்.

"எனக்குப் பின்னால தங்கச்சி இருக்கா," என்றேன்.

"அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான்."

கண் கலங்கியிருந்தது. நல்ல அழகான மனிதர். அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு நிமிஷம் அவர் மேல் கோபம் வரவில்லை. அப்புறம்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து வெயில் வந்தது. "சார்! மேடம்! சூரியன்!" என்று கைடு கத்திக்கொண்டே வெளியே ஓடினார். ஏரி முழுக்க மினுங்கியது. பின்னால் திரும்பினால் சுவர் பூராவும் சிவப்பு. அவ்வளவு அழகை நான் பார்த்ததே இல்லை. பார்க்கவும் முடியவில்லை. நைனா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். எதற்காக என்று எனக்குத் தெரியும்.

பொன்னேரிக் கோயிலில் அர்ச்சனை. யார் பெயருக்கு என்று குருக்கள் கேட்டதும் அந்த அம்மா என் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். தரகர் சொல்லியிருப்பார். பூவை அவர்கள் கையாலேயே என் தலையில் வைத்தார்கள். ஓட்டலில் நாஷ்டா. பூரிதான். ஒன்றும் இறங்கவில்லை.

ஜனவரி 28, திங்கள்

பிடித்துவிட்டதாம். பையனும் சரி என்றுவிட்டானாம். தி. காலை விமானத்தில் பம்பாய் போய்விட்டார். அவர் அம்மா இங்கேயே இருந்து நிச்சயத்துக்கு நாள் பார்க்கிறார்கள். வீட்டில் பாயசம். சேகர் வீட்டுக்கு ஆள் போயாயிற்று. சுலோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எத்தனை நாளாக அடக்கிவைத்திருந்தாளோ.

கம்பெனியில் மதியம் இரண்டு லைனை மாற்றிக் கொடுத்துவிட்டேன். திட்டு.

ஜனவரி 29, செவ்வாய்

விடிந்ததும் களத்துக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். அவரைத் தனியாக வைக்கோல் பக்கம் கூப்பிட்டேன்.

"நைனா, அவருக்கு அங்க ஒரு பொம்பள கீதாம். அவரே எங்கிட்ட சொன்னாரு."

கொஞ்ச நேரம் காலால் வைக்கோலைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அவனே சொன்னானா? உங்கிட்டயா?"

"ஆமா."

"அப்போ யோக்கியன்தான். மறைக்கிறவனத்தான் நம்பக் கூடாது."

"எனக்கு வேணாம் நைனா."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருக்கலாம். தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "இன்னும் எத்தினி பேர் முன்னால என்னக் கை கட்டிக்கினு நிக்கச் சொல்ற, வசந்தா?" என்றார். கூலியாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 31, வியாழன்

வேலை விட்டதும் தி.யின் அம்மாவைப் பார்க்க நேராகக் கும்மிடிப்பூண்டி வீட்டுக்குப் போனேன். என்ன தைரியமோ. ஒப்பித்துக்கொண்டே போனேன். முதல் வாக்கியத்தைப் பாதிதான் சொன்னேன்.

"தெரியும்மா," என்றார்கள்.

உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சுதான் உன்னைப் பார்த்தேன். சின்னப் பொண்ணுங்க அழுதுட்டு அம்மா வீட்டுக்கு ஓடிடும். நீ வேலைக்குப் போறவ. நாலு பேரைச் சமாளிக்கத் தெரிஞ்சவ. நீ போய் நின்னா அவ தானா விலகிடுவா."

கொடுமைக்காரியாகவும் தெரியவில்லை. அவர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை போல. தட்டில் மைசூர்பாகு வைத்தார்கள். சாப்பிட்டேன். நன்றாகக்கூட இருந்தது. நிச்சயம் பத்தாம் தேதி.

பிப்ரவரி 2, சனி

மதியம் மெட்ராஸ் டிரங்க் ஆபரேட்டர்: "பம்பாய் கால். வசந்தான்னு பேர் சொல்லிக் கேக்கறாங்க. உனக்கேவா?" சிரித்தாள். குரல் பழக்கம்தான், முகம் தெரியாது.

தி. கடல் இரைச்சல் மாதிரி ஒரு இரைச்சல் நடுவில்.

"இன்னும் சொல்லலையா நீங்க?"

"நைனாகிட்ட சொன்னேன். உங்க அம்மாகிட்டயும் சொன்னேன். என் வார்த்தை யார் காதுலயும் ஏறல. நீங்க சொல்லுங்க."

"நான் எப்படி..."

"எப்படியாவது."

அப்போது கேட்டது. போனுக்குப் பக்கத்திலேயே ஒரு குழந்தை. "பப்பா, பப்பா" என்று ஏதோ ஹிந்தியில் கேட்டது. யாரோ பெண்பிள்ளை அதட்டித் தூக்கிக்கொண்டு போனாள். இரைச்சல் மட்டும். நேரம் முடிந்தது என்று லைனை வெட்டிவிட்டார்கள்.

அப்புறம் மேனேஜர் ஏதோ நம்பர் கேட்டார். கொடுத்தேன். சரியான நம்பர்தான்.

பிப்ரவரி 3, ஞாயிறு

அம்மா புழக்கடையில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். பழவேற்காட்டில் தி. சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொம்பள விஷயத்தை நைனா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். தலை நிமிராமல் கேட்டாள். குழந்தை என்றதும் கை நின்றது.

"எத்தினிப் பெரிய கொழந்த?"

"பேசுது."

"பேசுதா?"

மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இவளும் இப்படித்தானா என்று எழுந்து வந்துவிட்டேன். குழம்பு வைத்து எல்லோருக்கும் போட்டாள். அவள் சாப்பிடவில்லை என்று சுலோ சொன்னாள்.

பிப்ரவரி 4, திங்கள்

நின்றுவிட்டது.

வேலையிலிருந்து வந்தால் வீட்டில் சத்தமே இல்லை. நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அம்மா நான் போன பிறகு அடுத்த வண்டியில் தனியாகக் கும்மிடிப்பூண்டி போய்வந்திருக்கிறாள். தனியாக ரயில் ஏறி நான் பார்த்ததில்லை. தி.யின் அம்மாவிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"உனக்குக் காக்கா வலிப்புன்னு சொல்லிட்டேன். சின்ன வயசுலேர்ந்து வருது, மறைச்சுட்டோம், மன்னிச்சுக்கோங்கன்னேன்."

"இன்னாம்மா இது? எனக்கு எங்க வலிப்பு?"

"வேற இன்னாடி சொல்லச் சொல்ற? பையன் மேல குத்தம் சொன்னே. உங்க நைனாவே நம்பியும் இன்னா ஆச்சு? பொண்ணு மேல சொன்னேன். வாய் மூடறதுக்குள்ள நம்பிட்டாங்க. காபி டம்ளரக்கூட அப்படியே வெச்சிட்டு எழுந்துட்டாங்க அந்தம்மா."

அடுப்பை ஊதப் போய்விட்டாள். ஊதுவதற்கு ஒன்றும் இல்லை. அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 6, புதன்

தரகர் மாமா வரவில்லை. அத்தை வந்தாள். அக்காளுக்கு வலிப்பு என்றால் தங்கைக்கும் வருமா என்று டாக்டரிடம் கேட்கவேண்டும் என்கிறாள். பொய் என்று அம்மா சத்தியம் செய்தாள். "அப்போ அவுங்ககிட்ட செஞ்சது இன்னா?" என்று அத்தை கேட்டாள். சேகர் வாசலிலேயே நின்றான். சுலோ என்னோடு பேசவில்லை. அம்மாவோடும் பேசவில்லை. இன்று என் தலையை நானே பின்னிக்கொண்டேன்.

பிப்ரவரி 8, வெள்ளி

நல்ல வெயில். சாயங்கால வண்டியில் கூட்டம். நம் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். நான் ஏறியதும் பேச்சு நின்றது. எப்போதும் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுகிற பாக்கியம் எழுந்து இடம் விட்டாள்.

"இப்படி உக்காரும்மா. காத்து வரட்டும்."

"பரவாயில்ல, நிக்கிறேன்."

"நின்னுகினே வந்தா திடீர்னு வந்துரும். உக்காரு."

எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அந்தக் கதை என்ன என்று கேட்பார்கள். உட்கார்ந்தேன். ஒருத்தி தன் சாவிக்கொத்தை என் மடியில் வைத்தாள். இரும்பு, கையில் பிடித்துக்கொண்டிரு என்றாள். பிடித்துக்கொண்டேன்.

ஆரம்பாக்கத்தில் இரண்டு பக்கமும் இரண்டு பேர் கை கொடுத்து இறக்கிவிட்டார்கள்.