கேட்டில் நிற்கும் ‘நான்தான்’

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நலம். நீ வாங்கி அனுப்பிய கேட்டும் நலம். வீட்டில் என்னைவிடத் திடமாக நிற்பது இப்போது அதுதான்.

கேட் போட வந்தவர் கெட்டிக்காரர். வண்டி வரும் பாதையின் வாயை ஆளுயர இரும்புத் தகட்டால் அடைத்துவிட்டார். தூணில் ஒரு மணி, ஒரு கேமரா, ஒரு ஸ்பீக்கர். மணி அடித்தால் நான் கூடத்தில் உட்கார்ந்தபடி “யாரு?” என்று கேட்டு, ஆளைத் திரையில் பார்த்து, தெரிந்தவர் என்றால் பொத்தானை அமுக்கித் திறக்க வேண்டும். இது சரிப்பட்டால் நான் இங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் உன் அடுக்குமாடிக்கு மூட்டை கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாய். ஆகவே கவனமாக எழுதுகிறேன்.

முதல் சிக்கல், நம் ஜனங்களிடம் “யாரு?” என்று கேட்டால் ஒரே பதில்தான்: “நான்தான்.” பால்காரரும் நான்தான், மின்கணக்கு எடுப்பவரும் நான்தான். திருட வருகிறவனும் பழக்கதோஷத்தில் அதைத்தான் சொல்வான். அடுத்தது, வண்டி நம்பர் தெரிகிற உயரத்தில் கேமராவை வைத்திருக்கிறார். நடந்து வருகிறவர்கள் இடுப்புக்குக் கீழேதான் தெரிகிறார்கள். பாதி ஊரை இப்போது செருப்பை வைத்தே சொல்லிவிடுவேன். தபால்காரருக்குக் கால் கட்டைவிரலில் ஏதோ கோளாறு. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு ‘நான்தான்’ மட்டும் பிடிபடவில்லை. தினமும் பொழுது சாயும்போது மணி அடிக்கும். “யாரு?” என்பேன். “நான்தான்” என்று கரகரத்த குரல். “நான்தான்னா யாருய்யா?” என்பதற்குள் செருப்பு திரையை விட்டுப் போய்விடும். வலது செருப்பில் கறுப்பு வார், இடதில் நீலம். திருடன் இவ்வளவு ஒழுங்காக வரமாட்டான். எதையாவது விற்க வந்தவன் இவ்வளவு சீக்கிரம் போகமாட்டான். பேய் என்றால் செருப்பு தேய்ந்திருக்காது. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இதே ஆராய்ச்சியாக இருந்தேன்.

நேற்று மணி அடித்தபோது வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. மறுபடி அடித்தது. செருப்பு நகரவில்லை. தகட்டைத் தட்டும் சத்தம், பிறகு அதன் மேல் ஏறும் சத்தம். திரையில் முதலில் ஒரு கால், அப்புறம் எந்தக் காலும் இல்லை. நான் அலறிக்கொண்டு “யாரு?” என்றேன். தொப்பென்று ஏதோ விழுந்தது. “நான்தான்” என்று திட்டுகிற தொனியில் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனது குரல். போய்ப் பார்த்தால் நீல வார் செருப்பு மட்டும் கிடக்கிறது.

அதன் ஜோடி பக்கத்து வீட்டு வாசலில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். என் பாதையின் மழைத்தண்ணீர் அவர் முற்றத்தில் இறங்கிய நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். முழங்காலுக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் மனைவிதான் சொன்னார்: “முன்னெல்லாம் ரோட்ல போறப்பவே நீங்க நாற்காலியில உக்காந்திருக்கிறது தெரியும்ண்ணே. இப்ப இரும்பைப் போட்டு மறைச்சிட்டீங்க. நீங்க ‘யாரு’ன்னு அதட்டினாதான் இவருக்குச் சோறு இறங்குது.”

“பெல் அடிச்சா யாருன்னு சொல்லச் சொல்லுங்க” என்றேன், அவர் மனைவியிடம்.

“தினமும் சொல்லிட்டுத்தானே இருக்கேன்” என்றார் டிரைவர், சுவரிடம்.

கேட் இருக்கட்டும். ஆனால் என் நாற்காலிக்கு நேரே, கண் உயரத்தில், தகட்டில் ஒரு சதுரம் வெட்டச் சொல்லியிருக்கிறேன். திருடனுக்கும் நீங்கள் தெரிவீர்களே என்கிறார் கேட்காரர். தெரியட்டும். அந்த முழங்கால் இன்னொரு முறை ஏறாது.

நீ வரும்போது மணியை அழுத்து. யாரு என்று கேட்பேன். வழக்கமான பதிலே போதும், திறந்துவிடுவேன். பத்திரமாக வந்து சேர். பெரிய பெட்டி எதுவும் வேண்டாம், உன் துணிமணி மட்டும் கொள்கிற மாதிரி ஒரு சின்னப் பை எடுத்து வா, மகளே.

இப்படிக்கு,
நான்தான்,
பெரியப்பா