கட்டிலோடு தூக்கிப்போன விவகாரம்

தென்காசி,
சுபானு வருஷம் கார்த்திகை 9.

சிரஞ்சீவி சிவனணைந்தபெருமாளுக்கு, உன் தகப்பன் இசக்கியப்பன் எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் நீ செய்த தவறு.

பட்டாளத்திலிருந்து நீ இரண்டு கடிதம் எழுதினாய். ஒன்று உன் அத்தை மகன் சங்கிலிப்பாண்டிக்கு: ஆற்றில் வெள்ளம் வந்தால் அப்பா சம்மதிக்க மாட்டார், அவரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே, தூக்கிக்கொண்டு போய்விடு என்று. இன்னொன்று பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் ஆவுடைநாயகத்துக்கு: என் மகள் மாடத்தி கால் வலி என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், ஓடவைத்துக் கோப்பை வாங்கவையுங்கள் என்று. எழுபது வயதுக் கிழவனையும் பதினோரு வயதுப் பிள்ளையையும் பற்றி ஊருக்கெல்லாம் எழுதினாய். எங்கள் இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் வந்ததைச் சொல்லுகிறேன். பட்டாளத்துக் கடிதங்களை இடையில் பிரித்துப் பார்க்கும் அதிகாரியும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

ஐப்பசி இருபத்தெட்டாம் தேதி காலையில் இங்கே நல்ல வெயில். குற்றால மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. ஐந்தருவியில் ஐந்தும் ஒன்றாகிவிட்டது என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். பத்து மணிக்குள் சிற்றாறு செம்மண் நிறத்தில் பொங்கிவிட்டது. தெருவே பானை சட்டியோடு மேட்டுச் சத்திரத்துக்குப் போனது. உன் வீட்டுக்காரி முப்பிடாதியும் ஆட்டை இழுத்துக்கொண்டு போனாள். என்னைக் கூப்பிட்டாள். இந்த ஆறு என் வாசல்படி ஏறியதில்லை, ஏறவும் ஏறாது என்று கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சங்கிலிப்பாண்டி மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். “மாமா, எந்திரிக்கீரா இல்லியா?” என்றான். “போலே” என்றேன். உன் கடிதத்தை எடுத்துக் காட்டினான். பிறகு நாலு பேரும் கட்டிலின் நாலு காலையும் பிடித்துத் தோளில் ஏற்றிவிட்டார்கள்.

உயிரோடு இருக்கிறவனை நாலு பேர் தோளில் வைத்துத் தெருவோடு கொண்டுபோனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கோபத்தில் நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டேன், அதையும் மறைக்கவில்லை. தெருமுனையில் நின்ற பக்கத்து வீட்டு நாச்சியார் ஒரு தரம்தான் பார்த்தாள். மாரில் அடித்துக்கொண்டு, “எங்க அண்ணாச்சி போயிட்டாவளே” என்று ஒப்பாரி ஆரம்பித்தாள். மற்ற பெண்களும் என்ன ஏது என்று கேட்காமல் சேர்ந்துகொண்டார்கள். என்னிடம் இத்தனை நல்ல குணங்கள் இருப்பதாக அவள் நினைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். அதற்குள், தரைப்பாலம் மூழ்குமுன் அக்கரைக்குப் போன எவனோ ஒருவன் சேதியையும் கொண்டுபோய்விட்டான்.

அக்கரை மைதானத்தில் அன்று பெண்பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம். ஆறு சிவந்து வருவது தெரிந்தும் நிறுத்தவில்லை. மாடத்திக்கு வலது கணுக்கால் நாலு நாளாக வீங்கியிருந்தது. ஆவுடைநாயகம் துணியால் இறுக்கிக் கட்டி, “நோவ நெனைக்காம ஓடுட்டி, ஒங்கப்பா எழுதியிருக்காவ” என்று விட்டிருக்கிறார். முதல் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். அடுத்த ஓட்டத்துக்குக் கோட்டில் நிற்கும்போது, தாத்தா செத்துப்போனார் என்ற சேதி காதில் விழுந்தது. நின்ற பிள்ளை அப்படியே திரும்பி ஆற்றைப் பார்த்து ஓடினாள்.

சத்திரத்து மேட்டில் ஏறும்போது சங்கிலிப்பாண்டிதான் முதலில் கண்டான். “மாமா, அங்கன வாரது நம்ம மாடத்தில்லா?” என்றான். துண்டை விலக்கினேன். நொண்டிக்கொண்டே தரைப்பாலத்துக்கு வந்துவிட்டாள். பாலத்தின் மேல் முழங்கால் தண்ணீர், அதில் மரக்கிளைகள் உருண்டு போகின்றன. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். “ஏட்டி, நில்லு! நான் சாவலை!” என்று கத்தினேன். ஆற்றிரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்புறம் நான் செய்ததைச் சொல்லி ஊரே சிரிக்கிறது. நாலு பேர் தோளில் இருந்த கட்டிலின் மேல் எழுந்து நின்றேன். துண்டை இரண்டு கையாலும் பிடித்து வீசினேன். “உக்காரும் மாமா, நெசமாவே செத்துருவீரு” என்று கீழேயிருந்து சங்கிலிப்பாண்டி கெஞ்சினான். உட்காரவில்லை. அவள் பார்த்தாள். நின்றாள். அந்த நேரத்துக்குள், அக்கரையில் குடியிருந்து ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கும் அப்துல் மஜீது பின்னால் ஓடிவந்து அவளை வாரித் தூக்கிக்கொண்டார்.

வெள்ளம் வடிய இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை அவர் வீட்டில்தான் இருந்தாள். அவர் சம்சாரம் ஜைனப் கணுக்கால் கட்டை அவிழ்த்தபோது கால் விரல்கள் நீலம் பாய்ந்திருந்தனவாம். உப்பு ஒத்தடம் கொடுத்துத் தன் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டாள். எலும்பு முறியவில்லை, மூன்று மாதம் ஓடாதிருந்தால் பழையபடி ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

நம் வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது. என் கட்டில் கிடந்த பக்கம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

தை மாதம் திருநெல்வேலியில் பெரிய பந்தயமாம். ஆவுடைநாயகம் வீட்டுக்கு வந்து, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினால் போதும் என்கிறார். முடியாது என்றேன். “பந்தயத்தப் பத்தி ஒமக்கு என்னவே தெரியும்?” என்றார். ரயில் ஸ்டேஷன் பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான், வீங்கின காலையும் படிக்கத் தெரியும் என்றேன். உடனே அவரும் உன் கடிதத்தை எடுத்து நீட்டினார். முப்பிடாதி அழுகிறாள், ஆனால் உன் எழுத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். மாடத்தியிடம் நானே கேட்டேன். “ஓடப் பிடிக்கும் தாத்தா. கால் ஆறிட்டுன்னா யாரு வந்தாலும் ஜெயிச்சிருவேன். இப்பம் நோவுது. அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க” என்றாள். அதனால்தான் சொல்லுகிறேன்.

இனி ஆகவேண்டியவை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீ ஆவுடைநாயகத்துக்கு எழுத வேண்டும், கால் ஆறும்வரை ஓட்டம் கிடையாது என்று. மாடத்திக்குத் தனியாக ஒன்று எழுது; அதில் கோப்பை என்ற வார்த்தையே வரக்கூடாது. ஆவுடைநாயகம் எந்தப் பிள்ளையை ஓடவிடும் முன்பும் ஆஸ்பத்திரியில் காலைக் காட்ட வேண்டும், ஆறு சிவந்தால் பந்தயத்தை நிறுத்த வேண்டும். சங்கிலிப்பாண்டி மலை கறுத்தவுடன் தெருவில் உள்ள கிழடுகளை ஒவ்வொருவராகக் கேட்டு, கைபிடித்து அழைத்துப்போக வேண்டும். கட்டிலோடுதான் தூக்கவேண்டுமென்றால் தாழப் பிடிக்கட்டும், தோளில் ஏற்றக்கூடாது. நாச்சியார் முகத்தைப் பார்த்துவிட்டு அழ வேண்டும். முப்பிடாதி சுவர் எடுக்கும்போது என் கட்டிலைத் தெருப்பக்கம் போட வேண்டும். நான், அடுத்த வெள்ளத்துக்குக் கூப்பிட்ட முதல் குரலிலேயே எழுந்து வருவேன். இதைச் சங்கிலிப்பாண்டிக்கு நீ எழுது, நான் அவனிடம் சொல்ல மாட்டேன்.

கடைசியாக நீ. நீ இருக்கும் ஊரின் பெயரைக்கூட எழுத விடமாட்டார்கள். அங்கே எந்த ஆறு எப்படி வருகிறதோ தெரியவில்லை. சண்டை முடிந்ததும் தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, உன் காலாலேயே நடந்து வீட்டுக்கு வர வேண்டும். உன்னை யாரும் தூக்கி வரக்கூடாது.

நலம்தானே?

உன் அப்பா,
இசக்கியப்பன்