அடுத்தவருக்கு ஒரு கொக்கி

என் செல்ல மகளுக்கு,

உன் அப்பாவை விட்டுவிட்டார்கள். வழக்கும் இல்லை ஒன்றும் இல்லை, நேற்றுச் சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார், குளித்தார், தூங்கினார், இப்போது பட்டறையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன், எப்போதும் பல்லைக் கூசவைக்கிற சத்தம், இன்றைக்கு என்னவோ கேட்க நன்றாக இருக்கிறது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் போன வாரம் நான் பட்ட கவலை மூன்று குடும்பத்துக்குப் போதும், உங்களுக்கென்று தனியாகப் பட என்னிடம் மிச்சமில்லை. போனில் நீ அழுது கேட்டும் நான் அரைகுறையாகச் சொல்லி வைத்துவிட்டேன், போனில் வாயைத் திறக்காதே அண்ணி, ஒட்டுக் கேட்பார்கள் என்று உன் சித்தப்பா பயமுறுத்தி வைத்திருந்தார். இப்போது யார் கேட்டால் என்ன, முதலிலிருந்து சொல்கிறேன்.

சட்டசபையில் நூலகத்துக்குப் போகிற நீள வராந்தாவில், இதுவரை ஆண்ட முதலமைச்சர்கள் அத்தனை பேர் படத்தையும் மாட்டித்தரும் வேலை நம் கடைக்குக் கிடைத்தது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் அந்த வராந்தா ஒரு கூத்து. இவர் கட்சி ஜெயித்து வந்தால் அவர் தலைவர் படம் கழிவறைப் பக்கம் போகும், அவர் கட்சி வந்தால் இவர் படம் போகும், வந்தவர் படத்துக்கு மட்டும் கையகலத் தங்க பிரேம். இப்போது இருக்கிற முதலமைச்சர்தான், யாராக இருந்தாலும் ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்தவர்கள், எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே பிரேம், வந்த வரிசையில் மாட்டுங்கள் என்று உத்தரவு போட்டார். நல்ல மனசுதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று தடவை விட்டு விட்டு வந்து ஆண்டவருக்கு மூன்று படமா ஒரு படமா என்று துறையில் ஒரு வாரம் பேசி, ஆளுக்கு ஒன்று என்று முடித்தார்கள். மூன்று என்றிருந்தால் நமக்கு இன்னும் இரண்டு படம், சரி போகட்டும்.

அந்தச் சுவர் கருங்கல். டிரில் போட்டால் வெள்ளைப் புழுதி எழும்பி நூலகப் புத்தகம் வரைக்கும் போகும், அதனால் தரைக்கும் அலமாரிக்கும் பிளாஸ்டிக் ஷீட் மூடி, வாசலில் பாஸ் வாங்கி, லீவு நாளில்தான் வேலை செய்ய விடுவார்கள். உன் அப்பாவின் வழக்கம் உனக்குத் தெரியாதா, புழுதி ஒரு தடவை பறந்தால் போதும் என்று எந்த வேலையிலும் ஒரு துளை கூடுதலாகப் போட்டு வைப்பார். அப்படியே இங்கும் கடைசியில் இருக்கிற இப்போதைய முதலமைச்சர் படத்துக்குப் பக்கத்தில், அளவு பிசகாமல் ஒரு துளை போட்டுக் கொக்கியையும் மாட்டிவிட்டார். திறப்பு விழாவுக்கு முன்னால் முதலமைச்சரின் தனிச் செயலாளர் பார்வையிட வந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்றுவிட்டார். இது என்ன வெறும் கொக்கி, யாருக்கு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசாத உன் அப்பா, “அடுத்தவருக்கு சார்” என்று சொல்லிவிட்டார். செயலாளர் முகம் கறுத்துப்போய், “அடுத்தவரா? யாருய்யா அது? உனக்கு யார் சொன்னது?” என்றார். இவர் விட்டாரா, “யாராவது வருவாங்கல்ல சார்” என்றாரே பார்க்கலாம். எனக்கு அந்தக் கொக்கியிலேயே தொங்கிவிடலாம் போல இருந்தது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மூத்த மந்திரி ஒருவர் எம்.எல்.ஏ.க்களைத் திரட்டுகிறார், நாற்காலி ஆடுகிறது என்று பேப்பரில் அரசல்புரசலாக வந்துகொண்டிருந்த நேரம் இது. அந்தக் கோஷ்டி காசு கொடுத்துத்தான் சகுனத்துக்குக் கொக்கி அடிக்கச் சொல்லியிருக்கிறது என்று செயலாளர் மேலே சொல்லிவிட்டார். மறுநாளே உன் அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். காலையில் போய் பெஞ்சில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் விடுவார்கள், தினமும் அதே கேள்வி, எந்த மந்திரி உன்னைப் பார்த்தார், எங்கே வைத்துப் பார்த்தார். பிளைவுட் கடைக்காரரைத் தவிர என்னை யாரும் பார்க்க வரவில்லை என்று இவர் சொன்னதையே சொல்லியிருக்கிறார். நாளைக்குள் பெயரைச் சொல்லு, இல்லையென்றால் சதி வழக்கு, உள்ளே போனால் எப்போது வெளியே வருவாய் என்று எங்களுக்கே தெரியாது என்று மிரட்டியிருக்கிறார்கள். இதற்கு நடுவில் ஸ்டேஷன் சுவரில் முதலமைச்சர் படம் கோணலாகத் தொங்கியதைப் பார்த்து மனசு கேட்காமல் எழுந்து போய் நேராக்கியிருக்கிறார் இவர். “யோவ், மறுபடியும் முதலமைச்சர் படத்து மேலயே கை வைக்கிறியா” என்று ஏட்டு பாய்ந்துவிட்டாராம். இப்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு அதைக் கேட்டு அவரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். இந்த வயதில், ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு, அந்த மனுஷன் ஜெயிலில் இருப்பதா.

கவலையில் பல்லைக் கடித்துக் கடித்து என் கடைவாய்ப் பல் ஒன்று விண்டுவிட்டது. வலி தாங்காமல் நம் தெருமுனைப் பல் டாக்டரம்மாவிடம் போனேன். அவருடைய அப்பாவும் ஒரு காலத்தில் முதலமைச்சர்தான். அன்றைய முதலமைச்சர் பதவியிலேயே இறந்துபோக, கட்சி அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்கும் வரை காபந்தாக இருந்தவர், அவர் படத்தை அந்தக் கிளினிக்குக்குப் பிரேம் போட்டுக் கொடுத்ததே நான்தான். என் வாயைத் திறந்து வைத்து டியூபைச் செருகிவிட்டு டாக்டரம்மா என்னைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டார். “பேப்பர்ல சட்டசபை வராந்தா போட்டோ பார்த்தேன், எங்கப்பாவை மட்டும் விட்டுட்டீங்களே, பதவிப் பிரமாணம் எடுத்தவர்தானே அவரும்? கேட்டா கொஞ்ச நாள் இருந்தவங்க கணக்குல வரமாட்டாங்கறான் ஆபீஸ்ல. உங்க கடைப் படமே இங்க தொங்குதே, உங்களுக்காவது ஞாபகம் வர வேண்டாமா?” என்றார். நான் ஆ ஆ என்று ஏதோ சொல்லப் பார்த்தேன், வலிக்கிறது என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்டார். பாதி முகம் மரத்துக் கிடந்தாலும் மூளை ஓடியது மகளே. இங்கே ஒரு படம் இடமில்லாமல் நிற்கிறது, அங்கே ஒரு கொக்கி படமில்லாமல் நிற்கிறது.

டியூபை எடுத்ததும் டாக்டரம்மாவைக் கிளப்பினேன். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு சட்டசபைக்கே செயலாளரைப் பார்க்கப் போனோம், வழியெல்லாம் அவர் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார். எங்கப்பாவுக்கு இந்த போட்டோவே பிடிக்காது, மூக்கு பெரிசாத் தெரியுதுன்னு திட்டுவார் என்று சொல்லிச் சிரித்தவர், சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டார். செயலாளர் முதலில் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவர் நிலைமை எனக்குப் புரிந்தது, மேலே சதி என்று சொல்லியாயிற்று, சும்மா பின்வாங்கினால் அவருக்குத்தான் கேவலம். எதிராளி மரியாதை குறையாமல் இறங்கிவர ஒரு வழி வைத்தால்தான் எந்தப் பேரமும் படியும், இத்தனை வருஷ வியாபாரத்தில் நான் கற்றது அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை. “கொக்கியை அடுத்தவருக்குன்னுதான் போட்டோம் சார், புழுதி மிச்சம்னு போட்டோம், எந்த மந்திரியும் எங்க கடைப் படி ஏறலை. ஆனா வரிசையில ஒருத்தர் விட்டுப்போயிருக்கார். இவரை இவர் இடத்துல மாட்டிட்டா அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாரும் ஒரு இடம் நகருவாங்க, கடைசிக் கொக்கியில நம்ம முதலமைச்சரே வந்துடுவார், அப்புறம் வெறும் கொக்கி ஏது?” என்று கேட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், வராந்தாவுக்கு எழுந்து போய் மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். “ஏம்மா, இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டார். அன்னிக்கு எனக்குப் பல் வலிக்கலை சார் என்றேன். அந்த ஆள் சிரித்ததை அந்தக் கட்டிடத்தில் யாரும் முன்பின் பார்த்திருக்க மாட்டார்கள். எதிரிலேயே போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார், வரிசையில் ஒரு பெயர் விடுபட்டது துறையின் கவனக்குறைவு, கொக்கி அதற்காகத்தான் என்று குறிப்பும் எழுதிவிட்டார். டாக்டரம்மா என்னிடம் பல்லுக்குக் காசு வாங்கவில்லை.

உன் ஆபீசிலும் மேலாளர் மாறுகிறார், என்ன ஆகுமோ என்று எழுதியிருந்தாய். வருகிறவரிடம் போகிறவரைப் பற்றிக் குறை சொல்லாதே, போகிறவரை வழியனுப்பும்போது வருகிறவரை ஆகா ஓகோ என்று புகழாதே, உன் வேலையை ஒழுங்காகச் செய், மூன்று மாதத்தில் அவருக்கும் நீ வேண்டியவளாகிவிடுவாய். நான் எத்தனை முதலமைச்சர்களுக்குப் பிரேம் போட்டுவிட்டேன், ஒருவரோடும் எனக்குப் பகையில்லை. மாப்பிள்ளையைக் குளிரில் தலைக்கு ஏதாவது போட்டுக்கொண்டு வெளியே போகச் சொல், அவருக்குச் சளி பிடித்தால் உனக்குத்தான் தொல்லை. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் உன் அப்பா போனுக்கே கூப்பிடு, பேச மாட்டார், ம் ம் என்பார், ஆனாலும் வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார்.

செயலாளரோடு என்ன பேசி முடித்தாய் என்று நீ கேட்பாய், அதையும் எழுதிவிடுகிறேன். பழைய படங்களுக்குப் பேசிய விலையே, ஒரு பைசா குறைக்கவில்லை. டாக்டரம்மா அப்பா படத்துக்கும், மற்றவர்களை ஒரு இடம் நகர்த்தும் கூலிக்கும் நான் எதுவும் கேட்கக் கூடாது, ஒப்புக்கொண்டேன். இனி எந்த முதலமைச்சர் வந்தாலும் படமும் பிரேமும் நம் கடைதான், ஆனால் பதவிப் பிரமாணம் முடிந்த பிறகுதான் துளை போட வேண்டும், புழுதி எங்கே பறந்தாலும் அது அவர்கள் பாடு. கடைசியாக ஒன்று, அந்தக் கட்டிடத்துக்குள் வேலை நடக்கும்போது யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியது நான், உன் அப்பா வாயைத் திறக்கக் கூடாது. அதை எழுத்தில் கேட்டார்கள், அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா